குகைக்குள் நாற்பத்தோரு நாள்

— ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். எழுந்திருப்பேன். பல் தேய்ப்பேன். பாலை அடுப்புல வெப்பேன். அது காயற நேரத்துல ஒரு துண்டு ரொட்டி, சிங்க் பக்கத்துல நின்னுக்கிட்டே. டம்ளரைக் கழுவுவேன். பகடை உருட்டுவேன். குளிப்பேன். ஏழே முக்காலுக்கு பஸ். போதுமா?

— இருங்க மாமா, மெதுவா. அம்மா கேட்டா ஒண்ணுவிடாம ஒப்பிக்கணும். அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. ரொட்டி எத்தனை துண்டு?

— ஒண்ணு.

— ஒண்ணுன்னு சொன்னா நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வந்து உக்காந்துடுவாங்க. ரெண்டுன்னு சொல்லிடறேன். மேல ஏதாவது தடவுவீங்களா?

— இல்ல.

— வெண்ணெய்னு சொல்லிடறேன். ராத்திரிக்கு?

— ஆபீஸ் கேன்டீன்ல ஏதாவது.

— அட போங்க மாமா. கேன்டீன் நாலரைக்கு மூடிடும்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அரை எலுமிச்சம்பழம், தண்ணி பாட்டில் ஆறு. அந்த ஆறும் உங்க ஆபீஸ் லேப்ல டெஸ்ட் பண்ணக் கொண்டு வந்ததா, குடிக்கறதுக்கா?

— குடிக்கறதுக்குத்தான்.

— நல்லவேளை. சரி, சிங்க் பக்கத்துல ஏன் நிக்கணும்? நாலு பேர் உக்கார்ற மேஜை இருக்குல்ல?

— மேஜையில குகை இருக்கு.

— இன்னும் எடுத்து வைக்கலையா?

— இல்ல.

— ஆறு வாரம் ஆச்சு.

— ம்.

— நடுவுல என்னமோ சொன்னீங்களே. டம்ளர் கழுவினப்புறம்.

— குளிப்பேன்னு சொன்னேன்.

— அதுக்கு முன்னாடி.

— பகடை உருட்டுவேன்.

— யார்கூட?

— யார்கூடவும் இல்ல. ஒரு நிமிஷ வேலை. வெளிய பனி நிக்குதான்னு ஒரு தடவை. முன்னாடி வேட்டைக்கும் ஒரு தடவை. எழுதி வெச்சுட்டுக் குளிக்கப் போயிடுவேன்.

— இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஏற்கெனவே அவங்களுக்கு இந்த விளையாட்டே புரியல. மேஜையில குகை, காடெல்லாம் வரைஞ்சு வெச்சு சுத்தி உக்காருவோம்மா, ஆளுக்கொரு வேஷம், மாமா கதை சொல்லுவாரு, நாங்க என்ன செய்யறோம்னு சொல்லுவோம், பலிக்குதா இல்லையான்னு பகடை சொல்லும்னு விளக்கினேன். “கடைசியில யாருடா ஜெயிப்பீங்க?”ன்னாங்க. யாரும் ஜெயிக்க மாட்டோம், கதை போய்க்கிட்டே இருக்கும்னேன். “இதுக்காடா மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா அக்காவும் தம்பியும் காணாம போனீங்க?”ன்னு கேட்டாங்க.

— சரியாத்தான் கேட்டிருக்காங்க.

— சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்மகூட விளையாடற லைப்ரரி அக்கா பதினொரு மணிக்கு வர்றாங்க.

— எங்க?

— இங்கதான். வேற எங்க? நடத்தறவர் நீங்க, மேஜை உங்களோடது. நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டோம். பெருசா ஒண்ணும் வேண்டாம் மாமா, அந்தக் குகையை விட்டு வெளிய வந்தாப் போதும். மலையிலேர்ந்து இறங்கி ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, அவங்க கோடாலிக்காரனுக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கணுமாம். நேத்துப் போன்ல அரை மணி நேரம் கோட்டு என்ன நிறம்னு பேசினாங்க. லைப்ரரியில “சத்தம் போடாதீங்க”ன்னு சொல்றதுக்கே கூச்சப்படறவங்க. இங்க வந்தா ஏழடி உயரம், கையில கோடாலி.

— வர வேண்டாம்னு சொல்லிடு.

— ஏன்?

— சும்மாதான்.

— பஸ் ஏறிட்டாங்க. ரெண்டு ரொட்டி, ஒரு பாட்டில் சூப், எல்லாம் எடுத்துக்கிட்டு. நீங்க தனியா உருட்டலாம், நாங்க வந்து உருட்டக்கூடாதா?

— மாப்ள, அந்த ஷீட்டை எடுக்காத.

— என் வேஷத்தோடதுதானே? மேல என் கையெழுத்து. “பூட்டுத் திருடன். வயசு முப்பது. பயம்: எலி.” நானே எழுதினது... இது என்ன மாமா? குறுக்கால ஒரு கோடு.

— வெச்சுடு.

— பன்னெண்டாம் நாள்னு போட்டிருக்கு. மாமா, நான் செத்துட்டேனா?

— ம்.

— எப்படி?

— பசி.

— பசியா! மூணு வருஷத்துல எத்தனை பூதம், எத்தனை பாம்பு, தலையில்லாத ஆள் ஒருத்தன் வேற. எல்லாத்துலயும் தப்பிச்சு வந்து பசியில போனேனா?

— மூணாம் நாள்லேர்ந்து தினம் காலையில உடம்புக்கு உருட்டணும். பன்னெண்டாம் நாள் உனக்கு ரெண்டு விழுந்துச்சு.

— ரூலை எனக்கே சொல்லாதீங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். ஒரு நாள் விட்டா மன்னிப்பு, ரெண்டு நாள் விட்டா உடம்புல ஒரு புள்ளி போச்சு. மத்தவங்க வீட்டுல விளையாடறப்ப சாப்பாடுன்னு ஒரு பேச்சே கிடையாது, தெரியுமா? டிராகனை வெட்டினோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருப்பாங்க. இங்கதான் டிராகனை வெட்டப் போற வழியில ரொட்டியை எண்ணிக்கிட்டு இருப்போம். புருஷன்னுகூடப் பார்க்காம எங்கக்கா உங்களை வார்டன்னு கூப்பிட்டது சும்மாவா?

— ஹாஸ்டல் வார்டன்.

— “டிராகன் என்னைத் தின்னாலும் பரவாயில்ல வார்டன், காலையில டிபன் சாப்பிட்டியான்னு மட்டும் கேக்காத”ம்பா.

— அப்புறம் அவதான் எல்லாரையும்விட நல்லாக் கத்துக்கிட்டா. எந்த இலையைத் தின்னலாம், எந்தக் காளான் கொல்லும்னு தனியா ஒரு நோட்டுப் போட்டா.

— ஆஸ்பத்திரியில ஒரு வாய் கஞ்சி இறங்கல அவளுக்கு. ஆனா படுத்த இடத்துலேர்ந்து காட்டுல முயல் வறுத்தா. பக்கத்துக் கட்டில் பெரியவர் எச்சில் முழுங்கினாரு, நான் பார்த்தேன்.

— நர்ஸ் வந்து கேட்டாங்க, இங்க யாரு சமையல் பேசறதுன்னு.

— சத்தம் கேக்கக்கூடாதுன்னு மாத்திரை ட்ரேயில பஞ்சைப் பரப்பி அதுல பகடை உருட்டினோம். சரி, பேச்சை மாத்தாதீங்க. என் சாப்பாடு எங்க போச்சு? பனி விழுந்து வழி அடைச்சப்ப என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. கோடாலிக்காரன்கிட்ட ரெண்டு. அக்காகிட்ட நாலு. நல்லா ஞாபகம் இருக்கு. நான் எண்ணிக்கிட்டு இருக்கறப்பதான் போன் வந்துச்சு.

— மொத்தம் ஏழு.

— மூணு பேருக்கு ரெண்டு நாள். சரி, பட்டினிதான். ஆனா பன்னெண்டு நாள் நான் கையைக் கட்டிக்கிட்டா இருந்தேன்?

— இல்ல. கண்ணி வெச்சே. முயல் பிடிச்சே.

— எத்தனை?

— அஞ்சு.

— அஞ்சு முயல் பிடிச்சவன் பசியில சாவானா? யார் தின்னது?

— அவ.

— அஞ்சையுமா?

— அஞ்சையும். உன் பொட்டலத்தையும்.

— நான் பிடிச்ச முயல் மாமா. ஒரு காலைக் கடிக்கக்கூட விடலையா என்னை?

— பங்கு போட்டா அவளுக்கு நாள் குறையும்.

— கோடாலிக்காரன்?

— பத்தொன்பதாம் நாள்.

— ஐயோ. அவங்க கோட்டுக்கு நிறம் பார்த்துக்கிட்டு வர்றாங்க.

— அவன் ரெண்டு மான் கொண்டு வந்தான். ஒரு மான் பதினஞ்சு பொட்டலம். ரெண்டாவதைக் குகை வாசல்ல இறக்கி வெச்சுட்டு அப்படியே விழுந்தான்.

— இது உருட்டினதா, நீங்களா எழுதினதா?

— விழுந்தது உருட்டினது. வாசல் நான் எழுதினது.

— பட்டினி கிடந்தவன் மானைத் தூக்கிட்டு வந்தான். அதுல ஒரு துண்டு அவனுக்குக் கிடையாது.

— கிடையாது.

— பொட்டலம் ஏழு, முயல் அஞ்சு, மான் முப்பது.

— நாப்பத்திரண்டு. இன்னிக்கு நாப்பத்தோராவது நாள். காலையில ஒண்ணு எடுத்தேன். ஒண்ணு மிச்சம்.

— அப்ப அக்கா உசுரோட இருக்கா.

— இருக்கா. உடம்பு முழுசா இருக்கு. ஒரு புள்ளி குறையல.

— மாமா...

— ஆள் மேஜைக்கு வரலைன்னா கேரக்டர் சாகாது. ஓரமா இருக்கும். தினம் ஒரு பொட்டலம் சாப்பிடும். அது ரூல். மூணு வாரம் நீ வராம இருந்தப்ப உன் திருடனும் அப்படித்தான் சாப்பிட்டான். யாரும் கேள்வி கேக்கல.

— எனக்கு அப்ப அம்மை போட்டிருந்துச்சு. இப்ப நாங்க ரெண்டு பேரும்கூடத்தான் வரல, செத்துட்டோமே? அந்த ரூல் உடம்பு சரியில்லாம வராதவங்களுக்கு மாமா.

— ரூல்ல அப்படிப் பிரிச்சு எழுதல.

— எழுதினது யாரு?

— நான்தான்.

— சரி. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நாங்க ரெண்டு பேரும் போனப்புறம் அவ அந்தக் குகையில என்ன பண்றா?

— சாப்பிடறா. தூங்கறா.

— எங்க பொணம்?

— வெளிய பனியில புதைச்சாச்சு.

— யார் புதைச்சது?

— அவதான். வேற யார் இருக்கா?

— தம்பியைப் புதைச்சுட்டு, அப்புறம் இருபத்திரண்டு நாள் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம உள்ள உக்காந்திருக்கா. அக்காவா? மூணு மாடி லிஃப்ட்ல ஏறி இறங்கறதுக்குள்ள ரெண்டு பேர் போன் நம்பரை வாங்கிடுவாளே அவ?

— உசுரோட இருக்கால்ல.

— ம். இருக்கா.

— டீ போடட்டுமா? பால் இருக்கு.

— வேண்டாம், உக்காருங்க. அதனாலதான் என் போனை எடுக்கலையா?

— எதனால?

— நானும் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். துக்கத்துல இருக்காரு, விட்டுடலாம்னு நினைச்சேன். செத்தவன்கிட்ட என்ன பேசறதுன்னு விட்டுட்டீங்களா?

— பன்னெண்டாம் நாளுக்கு அப்புறம் எடுக்க முடியல. உன் பேர் வரும். பார்த்தா முயல் ஞாபகம் வரும்.

— எனக்குச் சிரிப்பும் வருது, வேற என்னமோவும் வருது.

— அதுக்கு முன்னாடியும் எடுக்கலதான். அதுக்குக் காரணம் கிடையாது.

— எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியுமா? காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாள். லிஃப்ட் கூண்டு இருக்குல்ல, அதோட கூரை மேல ஏறி நின்னு கம்பியைப் பார்க்கணும். தினம் செய்யறதுதான், ஒன்பது வருஷமா. அன்னிக்குக் கம்பியைப் பார்க்கவே முடியல. இறங்கி வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். அம்மாகிட்ட சொன்னா அவங்க படுத்துடுவாங்க. வேற யார் இருக்கா? உங்களைக் கூப்பிட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கு மட்டும் ஒன்பது தடவை.

— எனக்குத் தெரியாது.

— எப்படித் தெரியும்? இப்ப எனக்குப் பட்டன் மாத்தற வேலை. பல்பு மாத்தற வேலை. மேல ஏற விடறதில்ல. மேஸ்திரி நல்ல மனுஷன், யார்கிட்டயும் சொல்லல.

— சாப்பிடறியா?

— யாரு, நானா? அம்மா ரெண்டு பேருக்குச் சமைப்பாங்க. ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்போம். கொஞ்ச நேரம் கழிச்சு “பசிக்கலையாடா”ம்பாங்க, “உனக்கு?”ம்பேன். மூடி வெச்சுடுவாங்க. மறுநாள் அதையே சூடு பண்ணி மறுபடி பார்ப்போம். நீங்க ஒரு துண்டு ரொட்டி திங்கறீங்கன்னு கேட்டு, எனக்கு உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? பரவாயில்லையே, மாமா நம்மளைவிடத் தேவலைன்னு.

— மெலிஞ்சுதான் இருக்கே.

— பெல்ட்டுல ஆணியால புதுசா ஒரு ஓட்டை போட்டேன். சரி விடுங்க. நாளைக்குக் கடைசிப் பொட்டலம். அதுக்கப்புறம்?

— ஒரு நாள் மன்னிப்பு. அப்புறம் ஒரு புள்ளி. மூணாம் நாள் உருட்டணும்.

— உருட்டுவீங்களா?

— மாட்டேன்.

— அப்ப?

— இன்னொரு மான் வந்துச்சுன்னு எழுதிடலாம்.

— உருட்டாமலா? நீங்களா?

— ம்.

— யார் பிடிப்பா? ரெண்டு வேட்டைக்காரங்களும் பனிக்கு அடியில இருக்கோம்.

— அதுவே வரும். குகைக்குள்ள.

— அதுவே வந்து, “இந்தாம்மா என்னை வெட்டிக்கோ”ன்னு படுத்துக்குமா? உங்க காதுல விழுதா மாமா, நீங்க சொல்றது?

— விழுது.

— எனக்குப் புதுசா ஒரு வேஷம் எழுதிக் கொடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. திருடன் போனா போறான். லைப்ரரி அக்காவையும் நான் சமாளிச்சுக்கறேன், அழுவாங்க, ஆனா புரிஞ்சுப்பாங்க. இதை மட்டும் நிறுத்துங்க. அவளை அங்க அடைச்சு வெக்காதீங்க.

— வெளிய பனி.

— உள்ள என்ன இருக்கு? இதுக்கு அக்கா ஒத்துக்குவாளா, சொல்லுங்க. சின்ன வயசுல ஒரு முட்டையை ரெண்டா வெட்டி, எது பெருசுன்னு என்னையே பார்க்கச் சொல்லி, பெருசை அவ எடுத்துப்பா. அப்படி ஒரு ராட்சசி. ஆனா என் பாதி எனக்கு வராம இருந்ததே இல்ல. அவளா என் அஞ்சு முயலைத் தனியா உக்காந்து தின்னுவா?

— இல்ல.

— பின்ன?

— அவ ஒத்துக்கல. சொன்னா.

— என்ன சொன்னா? எப்ப சொன்னா?

— சாப்பாட்டைப் பத்தி. நீ கிளம்பிப் போனப்புறம்.

— கடைசி நாளா?

— ம். அதுக்கப்புறம் அவ எதுவும் பேசல.

— “அம்மாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ”ன்னு சொன்னதுதானே கடைசி? நீங்கதானே சொன்னீங்க?

— அது நான் சொன்னது.

— அவ சொல்லல.

— சொல்லல. உங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏதாவது சொல்லியாகணும்.

— எனக்கு அப்பவே தெரியும். டிவி நாடகம் மாதிரி இருந்துச்சு. அக்கா என்னைக்கு “பத்திரமா”ன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கா? அம்மா நம்பிட்டாங்க. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதைத்தான் சொல்றாங்க.

— அவங்ககிட்ட சொல்லிடாத.

— சொல்ல மாட்டேன். ஆனா எனக்குச் சொல்லுங்க. நான் அங்க இல்ல மாமா. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள நாலு பேர்னு போன் வந்துச்சு. “என் திருடனைப் பார்த்துக்கோ, வந்துடறேன்”னு அவகிட்ட சொல்லிட்டு ஓடினேன். ஒன்றரை மணி நேரம். நாலு பேரையும் முழுசா வெளிய எடுத்தேன். அதுல ஒருத்தர், ஏன் இவ்வளவு லேட்டுன்னு திட்டினாரு. நானும் ஸாரி சார்னு சொல்லிக்கிட்டு நின்னேன். திரும்பி வந்தா கட்டில்ல போர்வையை மடிச்சு வெச்சிருந்தாங்க.

— தெரியும்.

— எதுவா இருந்தாலும் சரி. கேம்ல சொன்னதா இருந்தாலும் சரி.

— லைப்ரரி அக்காவும் கிளம்பிட்டாங்க, பார்வையாளர் நேரம் முடிஞ்சுடுச்சு. நான் ட்ரேயைக் கழுவி வெச்சேன். ஷீட் மூணும் போர்வை மேல கிடந்துச்சு. அவ உன்னோடதை எடுத்துப் பார்த்தா. ரொம்ப நேரம்.

— என்னோடதையா?

— சாப்பாடு ஒண்ணுன்னு இருந்துச்சு. பனி எத்தனை நாள் விழும்னு கேட்டா. நடத்தறவன் அதைச் சொல்லக்கூடாதுன்னேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா.

— உங்க முகம் அவகிட்ட அப்படித்தான்.

— அப்புறம் சொன்னா. சரின்னேன். எழுதற மாதிரி கையை மட்டும் அசைச்சேன். அவ கண்ணை மூடிக்கிட்டா.

— எழுதலையா?

— எழுதல.

— ஏன் மாமா?

— அதை எழுதிட்டா அவகிட்ட ஒண்ணும் இருக்காது.

— சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம.

— “என்கிட்ட இருக்கற நாலு பொட்டலத்தையும் தம்பி பேருக்கு மாத்து. பென்சில்ல வேண்டாம், பேனாவுல எழுது. நீ அழிச்சுடுவே.”